கரைவலை இழுக்கும் உருவத்துக்கு மோதல் வடிவங்கள் அமைத்தல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

கரைவலை இழுக்கும் ஒருவருடைய உடல், கயிற்றின் மறுமுனையில் இருக்கும் பாரத்துக்கு ஏற்ப நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கிறது. கயிறு விறைத்தால் அவர் பின்னால் சாய்கிறார். அலை வலையைக் கரைப்பக்கம் தள்ளிக் கயிறு தொய்ந்தால் சட்டென்று ஓரடி பின்வைத்துத் தம்மை நிறுத்திக்கொள்கிறார். குதிகால் மணலில் அழுந்தும் அளவுகூட இழுப்புக்கு இழுப்பு வேறுபடுகிறது. இந்த அசைவைக் கையால் ஒவ்வொரு படச்சட்டமாக (ஃபிரேம்) அமைக்க முடியும்தான். ஆனால் கயிற்றின் இழுவிசையைச் சற்று மாற்ற நினைத்தாலும் முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். உடலை இயற்பியல் எஞ்சினிடம், அதாவது விசையையும் மோதலையும் கணக்கிட்டுப் பொருள்களை அசைக்கும் மென்பொருளிடம், ஒப்படைத்துவிட்டால், இழுவிசை மாறும்போது சாய்வும் கூடவே மாறும்.

தனுஷ்கோடி மணலில் கரைவலை இழுக்கும் ஒரே ஒரு மனித உருவத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு மோதல் வடிவங்களை அமைப்பது எப்படி என்பதைத் தொடக்கத்திலிருந்து இங்கே விளக்குகிறேன். எலும்புகள் பொருத்தப்பட்ட மனித மாதிரி ஒன்று உங்களிடம் இருக்கிறது என்றும், பிளெண்டர், கோடோ, யூனிட்டி, அன்ரியல் ஆகியவற்றுள் ஒன்றையாவது ஓரளவு பழகியிருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்கிறேன். எந்த மென்பொருளாக இருந்தாலும் அடிப்படை ஒன்றே. வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

காணும் உடலும் தொடும் உடலும்

திரையில் தெரியும் உடல் ஒரு மெஷ். அது ஆயிரக்கணக்கான முக்கோணங்களால் ஆனது. தசை மடிப்பு, விரல், காது, கைலியின் சுருக்கம் என எல்லாம் அதில் இருக்கும். எஞ்சின் தொட்டுப் பார்க்கும் உடல் வேறு. அது கண்ணுக்குத் தெரியாது. எலும்புகளோடு பிணைக்கப்பட்ட சில எளிய வடிவங்களால் ஆனது. இவையே மோதல் வடிவங்கள். எஞ்சின் அந்த வடிவங்களை அசைக்கிறது, வடிவங்கள் எலும்புகளை அசைக்கின்றன, எலும்புகள் மெஷ்ஷை அசைக்கின்றன. இந்த வரிசை மனத்தில் பதிந்துவிட்டால், பிற்பாடு வரும் குழப்பங்களில் பெரும்பகுதி எழாது.

மெஷ்ஷையே மோதலுக்கும் பயன்படுத்தினால் துல்லியம் கூடும் என்று தொடக்கத்தில் தோன்றுவது இயல்பு. நடப்பில் அது எதிர்மாறாகவே முடிகிறது. முக்கோண மெஷ் என்பது வெறும் மேற்பரப்பு. அதற்கு உள், வெளி என்ற தெளிவு இல்லை. ஒரு கை அதற்குள் சற்றே புகுந்துவிட்டால், எந்தப் பக்கம் வெளியே தள்ள வேண்டும் என்பதை எஞ்சினால் உறுதியாகச் சொல்ல முடியாது. இதற்காகவே பெரும்பாலான எஞ்சின்கள் குழிவான மெஷ்ஷை அசையாத தரைக்கும் சுவருக்கும் மட்டுமே பரிந்துரைக்கின்றன. யூனிட்டியில், விசைக்கு ஆட்பட்டு அசையும் பொருளுக்குக் குழிவான மெஷ் மோதலைப் பொருத்தவே முடியாது. குவிவு வடிவமாக மாற்றினால்தான் ஏற்கும், அதிலும் 255 முக்கோணங்களுக்கு மேல் அனுமதி இல்லை. இதோடு, மனித மெஷ் ஒவ்வொரு சட்டத்திலும் வளைந்துகொண்டே இருப்பதால், மோதலைத் தேடுவதற்காக எஞ்சின் கட்டிவைக்கும் மர அமைப்பையும் ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க நேரும்.

எளிய வடிவங்களுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. இரண்டு கோளங்கள் தொடுகின்றனவா என்று அறிய, மையங்களுக்கு இடையிலான தொலைவை இரண்டு ஆரங்களின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டால் போதும். கேப்சூல் என்பது இரு முனைகளிலும் அரைக்கோளம் மூடிய உருளை, மருந்துக் குப்பியில் இருக்கும் கேப்சூல் மாத்திரையைப் போன்றது. கணக்கில் அது தடிமன் கொடுக்கப்பட்ட ஒரு கோட்டுத்துண்டு மட்டுமே. இரண்டு கேப்சூல்களின் நடுக்கோடுகள் மிக நெருங்கும் இடத்தில் உள்ள தொலைவைக் கண்டுபிடித்து, அது ஆரங்களின் கூட்டுத்தொகையைவிடக் குறைவா என்று பார்த்தால் வேலை முடிந்தது. 5 செ.மீ. ஆரமுள்ள இரண்டு கணுக்கால் கேப்சூல்கள், நடுக்கோடுகள் 10 செ.மீ.க்குள் நெருங்கும்போதுதான் தொடும். பெட்டிக்குச் செலவு சற்று அதிகம்: சாய்ந்து கிடக்கும் இரண்டு பெட்டிகளைப் பிரிக்கும் தளம் உண்டா என்று அறிய 15 அச்சுகளைச் சோதிக்க வேண்டும். பொதுவான குவிவு வடிவங்களுக்கு, கில்பர்ட், ஜான்சன், கீர்த்தி ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட வழிமுறையும் அதன் வழிவந்தவையும் இன்றளவும் பயன்படுகின்றன. அது படிப்படியாக நெருங்கிச் சென்று விடை காணும் முறை.

வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கேப்சூலின் வழவழப்பு. அதற்கு மூலை இல்லை. ஆகவே ஒரு கை உடலின் மேல் உரசிச் செல்லும்போது தொடும் திசை சீராக மாறுகிறதே தவிர, திடீரென்று தாவுவதில்லை. முஜோகோ எஞ்சினோடு வரும் மனித மாதிரியும் பெரும்பாலும் கேப்சூல்களாலும் கோளங்களாலும் ஆனதுதான். இயந்திரக் கற்றல் ஆய்வுகளில் ஓடிக் குதித்துக் கரணம் போடும் உருவங்கள் இத்தகைய எளிய உடல்களைக் கொண்டே அவற்றைக் கற்றன. எனவே எளிய வடிவம் என்பதைப் பழகும்போது மட்டும் கைக்கொண்டு பிறகு கைவிட வேண்டிய ஒன்றாகக் கருதாதீர்கள்.

அளவும் அலகும்

வேலையைத் தொடங்குமுன் உங்கள் மாதிரி மீட்டர் அலகில் உண்மையான உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 165 செ.மீ. மனிதர் மென்பொருளில் 1.65 ஆக இருக்க வேண்டும். 16.5 ஆக இருந்தால், ஈர்ப்பு முடுக்கம் 9.8 என்றே இருக்கும் நிலையில், உருவம் ஒரு கட்டடம் சரிவதுபோல் மெல்ல விழும். பிளெண்டரில் பொருளுக்கும் ரிக்குக்கும் (எலும்பமைப்புக்கும்) அளவீட்டை (Scale) செயல்படுத்தி (Apply) 1 ஆக்கிவிடுங்கள். கோடோவில் மோதல் வடிவத்தை ஒரு திசையில் மட்டும் நீட்டிச் சுருக்குவது ஆதரிக்கப்படுவதில்லை. ஆரத்தையும் உயரத்தையும் அவற்றுக்குரிய எண்களிலேயே மாற்ற வேண்டும்.

உடலைப் பிரித்தல்

நமது உருவத்துக்கு 16 பகுதிகள் போதும்: இடுப்பு, வயிறு, மார்பு, தலை ஆகிய நான்கு, ஒவ்வொரு கைக்கும் மேற்கை, முன்கை, உள்ளங்கை, ஒவ்வொரு காலுக்கும் தொடை, கணுக்கால், பாதம். கணுக்கால் என்று முழங்காலுக்குக் கீழே பாதம் வரையுள்ள பகுதி முழுவதையும் இங்கே குறிக்கிறேன். விரல்களுக்குத் தனி வடிவம் வேண்டாம். கோடோவில் இயற்பியல் எலும்புக்கூட்டைத் தானாக உருவாக்கும் வசதி ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு கேப்சூல் தந்துவிடும். விரல் எலும்புகளுக்கு வந்தவற்றை அழித்துவிடுங்கள். யூனிட்டியின் ராக்டால் (துவளும் உடல்) உதவிக்கருவி இதற்கு நேர்மாறாக உள்ளங்கை, பாதங்களுக்கு வடிவம் அமைப்பதில்லை. அவற்றை நீங்களே சேர்க்க வேண்டும். தானியங்கிக் கருவிகள் தருவதைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத் திருத்துவதே நல்லது.

165 செ.மீ. உயரமும் 60 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு நான் தொடங்கும் அளவுகள் இவை. தொடைக் கேப்சூல் முனை முதல் முனை வரை 42 செ.மீ. நீளம், 7 செ.மீ. ஆரம். கணுக்கால் 38 செ.மீ. நீளம், 5 செ.மீ. ஆரம். மேற்கை 31 செ.மீ. நீளம், 4.5 செ.மீ. ஆரம். முன்கை 24 செ.மீ. நீளம், 4 செ.மீ. ஆரம். உள்ளங்கை எப்போதும் கயிற்றைப் பற்றியிருக்கும் முட்டியாதலால் 5 செ.மீ. ஆரமுள்ள கோளம். தலைக்கு 10 செ.மீ. ஆரமுள்ள கோளம். மார்பு, வயிறு, இடுப்பு மூன்றுக்கும் கேப்சூலைச் செங்குத்தாக நிறுத்தாமல் தோளுக்குத் தோள் போகும்படி கிடையாகப் படுக்க வையுங்கள். மனித உடல் முன்பின்னாகத் தட்டையாகவும் பக்கவாட்டில் அகலமாகவும் இருப்பதால் கிடைக் கேப்சூல் அதற்கு நன்றாகப் பொருந்துகிறது. மார்புக்கு 36 செ.மீ. நீளமும் 11 செ.மீ. ஆரமும், வயிற்றுக்கு 30 செ.மீ. நீளமும் 10 செ.மீ. ஆரமும், இடுப்புக்கு 32 செ.மீ. நீளமும் 10 செ.மீ. ஆரமும் கொடுக்கலாம்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. கேப்சூலின் நீளம் என்று எதைச் சொல்வது என்பதில் எஞ்சின்கள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. யூனிட்டியிலும் கோடோ 4இலும் உயரம் என்பது அரைக்கோளங்களையும் சேர்த்த முழு நீளம். புல்லட் என்னும் இயற்பியல் எஞ்சினில் அது நடு உருளையின் நீளம் மட்டும். இரண்டு ஆரங்கள் அதற்கு வெளியே கூடும். ஜோல்ட் என்னும் மற்றோர் எஞ்சினிலும் முஜோகோவிலும் நடு உருளையின் பாதி நீளத்தைக் கொடுக்க வேண்டும். ஆக, மேலே சொன்ன தொடைக்கு யூனிட்டியில் 0.42, புல்லட்டில் 0.28, ஜோல்ட்டில் 0.14. இதைக் கவனியாமல் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எண்களை அப்படியே எடுத்துச் சென்றால், முழங்கால்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, உருவம் தொடங்கிய கணத்திலேயே சிதறும்.

அச்சும் அப்படியே. கோடோவின் கேப்சூல் ஒய் அச்சில் நிற்கும்; பிளெண்டரின் கேப்சூல் மோதல் வடிவம் பொருளின் இசட் அச்சில் நிற்கும், ஆனால் பிளெண்டரின் எலும்பு ஒய் அச்சில் நீளும். யூனிட்டியில் அச்சை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

நிறை

உயிர் இயந்திரவியல் துறையில் நெடுங்காலமாகப் பயன்படும் விகிதங்களின்படி, உடல் எடையில் மார்பு 21.6 விழுக்காடு, வயிறு 13.9, இடுப்பு 14.2, தலையும் கழுத்தும் 8.1, ஒவ்வொரு தொடையும் 10, கணுக்கால் 4.65, பாதம் 1.45, மேற்கை 2.8, முன்கை 1.6, உள்ளங்கை 0.6. நமது 60 கிலோ மனிதருக்கு மார்பு ஏறக்குறைய 13 கிலோ, தொடை 6 கிலோ, மேற்கை 1.7 கிலோ, உள்ளங்கை 0.36 கிலோ என வரும்.

வடிவத்தின் அளவு சரிதானா என்று பார்க்க இந்த எண்களே உதவும். 42 செ.மீ. நீளமும் 7 செ.மீ. ஆரமும் உள்ள கேப்சூலின் கன அளவு சுமார் 5.7 லிட்டர்; மனித உடலின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான் என்பதால் அதன் நிறை சுமார் 5.7 கிலோ. அட்டவணை சொல்வது 6 கிலோ. எனவே வடிவம் நம்பத்தக்கது. இரண்டும் பெரிதும் விலகி நின்றால், வடிவம் மிக மெலிந்தோ மிகப் பருத்தோ இருக்கிறது என்று பொருள்.

மூட்டால் இணைந்த இரண்டு பகுதிகளின் நிறை விகிதம் பத்துக்கு ஒன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின்கள் மூட்டுகளைத் தோராயமாகத் திரும்பத் திரும்பத் திருத்தியே தீர்ப்பதால், மிகக் கனமான ஒன்று மிக இலேசான ஒன்றில் தொங்கும்போது மூட்டு ரப்பரைப்போல் இழுபடும். உடற்பகுதியை ஒரே துண்டாக வைத்திருந்தால் 30 கிலோவுக்கு 1.7 கிலோ மேற்கை, அதாவது ஏறக்குறைய 18க்கு ஒன்று என்றாகியிருக்கும். மூன்றாகப் பிரித்ததால் மார்புக்கும் மேற்கைக்கும் 8க்கு ஒன்றுக்குள் அடங்குகிறது.

பாதம்

இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் பாதம்தான் என்பது என் உறுதியான கருத்து. தலைக்கு வைத்த கோளம் சற்றுப் பெரிதாக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பாதத்தில் 3 செ.மீ. பிழை இருந்தால் உருவம் நிற்காது.

பாதத்துக்கு ஒரே கோளம் வைத்தால் தரையை ஒரு புள்ளியில் மட்டுமே தொடும். அந்தப் புள்ளியைச் சுற்றி உடல் எந்தப் பக்கமும் சாயலாம். குதிமூட்டில் எவ்வளவு திருப்புவிசை கொடுத்தாலும் பயன் இருக்காது. பாதத்தின் நீளவாக்கில் ஒரு கேப்சூல் வைத்தால் இரண்டு தொடுபுள்ளிகள் கிடைக்கும். முன்பின் சமநிலை வரும், பக்கவாட்டில் உருளும். பெட்டி வைத்தால் தட்டையான தரையில் நான்கு மூலைகளும் பதிந்து உறுதியாக நிற்கும். ஆனால் மேடுபள்ளமான மணலில் மூலைகள் தட்டும். நான் பரிந்துரைப்பது, ஒரே பாதப் பகுதிக்குள் மூன்று கோளங்கள்: குதிகாலில் ஒன்று, பெருவிரலின் அடியில் ஒன்று, சுண்டுவிரலின் அடியில் ஒன்று. மனிதப் பாதம் எடையைத் தாங்கும் இடங்களும் இவையே. ஒவ்வொன்றுக்கும் 3 செ.மீ. ஆரம் கொடுத்து, 25 செ.மீ. பாதத்தின் பின்விளிம்போடு குதிகோளத்தின் பின்விளிம்பு சரியாகப் பொருந்தும்படி வையுங்கள். குதிமூட்டு பாதத்தின் பின்விளிம்பில் இருப்பதில்லை, அதற்குச் சில செ.மீ. முன்னால்தான் இருக்கிறது, குதிகோளத்தை மூட்டுக்கு நேர் கீழே வைத்துவிடும் பழக்கம் புதியவர்களிடம் பரவலாக உண்டு. பின்னால் சாய்ந்து நிற்கும் உருவத்துக்கு அந்தச் சில செ.மீ. மிகப் பெரிய இழப்பு.

கரைவலை இழுப்பவர் பின்னோக்கி நடக்கிறார். பின்னோக்கி வைக்கும் அடியில் விரல்பகுதி முதலில் தரையைத் தொட்டு, பிறகே குதிகால் இறங்கும். ஆகவே உருவம் நன்றாக நிற்கத் தொடங்கிய பிறகு, விரல்பகுதியைத் தனிப் பகுதியாகப் பிரித்து ஒரு கீல் மூட்டால் இணைத்தால் நடை இயல்பாகும். முதல் நாளிலேயே அதைச் செய்ய வேண்டாம்.

மணலுக்கு, சற்றே கடலை நோக்கிச் சரிந்த ஒரே பெரிய பெட்டியை வைத்துத் தொடங்குங்கள். பல முக்கோணங்களால் ஆன தரையில், தட்டையாக இருக்கும் இடத்திலும் இரண்டு முக்கோணங்கள் கூடும் விளிம்பில் பாதம் தடுக்குவது உண்டு. காலடித் தடங்களைக் காட்சிக்காகத் தனியே வரையலாம். எஞ்சினுக்கு அவை தேவையில்லை.

உராய்வு

இதற்கு ஒரு சிறு கணக்கு வேண்டும். இழுவிசை 150 நியூட்டன், கயிறு கிடையாக 90 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, உடல் எடை 60 கிலோ, அதாவது 588 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். பாதம் நழுவாமல் இருக்க, உராய்வுக் குணகம் 150ஐ 588ஆல் வகுத்த ஈவை, அதாவது ஏறக்குறைய 0.26ஐ விட அதிகமாக இருக்க வேண்டும். பாதத்துக்கு 0.5, தரைக்கு 0.5 கொடுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் இரண்டு எண்களையும் எஞ்சின் எப்படிச் சேர்க்கிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும். யூனிட்டி இயல்பாகச் சராசரி எடுக்கும்: 0.5. ஜோல்ட் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கும்: 0.5. புல்லட் பெருக்கிவிடும்: 0.25. பிளெண்டர் புல்லட்டைப் பயன்படுத்துவதாலும், அதில் இயல்பு உராய்வு 0.5 என்பதாலும், எதையும் மாற்றாமல் விட்டால் நமது மனிதர் கடலை நோக்கி மெல்ல வழுக்கிச் செல்வார். அங்கே இரண்டுக்கும் 0.9 வைத்துத் தொடங்குங்கள்.

எது எதோடு மோதக் கூடாது

16 பகுதிகளில் 120 சோடிகள் இருக்கின்றன. அவற்றுள் மூட்டால் நேரடியாக இணைந்த 15 சோடிகளின் மோதலை நிறுத்திவிட வேண்டும். மூட்டின் இடத்தில் அவை ஒன்றுக்குள் ஒன்று புகுந்தே இருக்கும் என்பதால், மோதலை விட்டுவைத்தால் எஞ்சின் அவற்றைப் பிரிக்க முயன்றுகொண்டே இருக்கும். இதோடு மார்புக்கும் இடுப்புக்கும், தொடைக்கும் வயிற்றுக்கும், உள்ளங்கைக்கும் அதே பக்கத்து மேற்கைக்கும் உள்ள மோதலையும் நிறுத்துங்கள். மூட்டின் கோண எல்லைகளே அங்கே போதுமான காவல். முன்கைக்கும் உடற்பகுதிக்கும், உள்ளங்கைக்கும் தொடைக்கும், இரண்டு கால்களுக்கும் இடையே மோதல் இருக்கட்டும். கயிற்றை இடுப்புவரை இழுத்துக் கொண்டுவரும்போது இவையே உண்மையாகத் தொடும் இடங்கள். மோதல் அனுமதிக்கப்பட்ட சோடிகள் தொடக்க நிலையில் 1 அல்லது 2 செ.மீ. இடைவெளியோடு நிற்க வேண்டும்.

மூட்டுகளைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். முழங்காலுக்கும் முழங்கைக்கும் கீல் மூட்டு. முழங்காலுக்கு 0 முதல் 140 பாகை. தோளுக்கும் இடுப்புக்கும் கூம்பு எல்லையுள்ள பந்து மூட்டு.

சோதனை

முதல் சோதனையை ஈர்ப்பை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். மோதல் வடிவங்கள் திரையில் தெரியும்படி அமைத்து, உருவத்தைத் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிறுத்திப் பத்து நொடி ஓடவிடுங்கள். எதுவும் அசையக் கூடாது. ஒரு கை மெல்ல விலகினாலோ உடல் சுழலத் தொடங்கினாலோ, எங்கோ இரண்டு வடிவங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கின்றன. இந்த ஒரு சோதனை பெரும்பாலான பிழைகளைக் காட்டிக்கொடுத்துவிடும். இதில் தேறாத உருவத்தை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

பிறகு ஈர்ப்பை இயக்கி, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழவிடுங்கள். துவண்டு விழுந்து, ஓரிரு நொடிகளில் அசைவற்றுக் கிடக்க வேண்டும். கிடந்த பிறகும் முன்கையோ பாதமோ துடித்துக்கொண்டிருந்தால், அந்தப் பகுதியின் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) மிகக் குறைவாக இருக்கிறது. ஆரத்தைச் சற்றுக் கூட்டுங்கள், அல்லது எஞ்சின் அனுமதித்தால் திருப்புத்திறனை மட்டும் தனியே உயர்த்துங்கள்.

மூன்றாவதாகக் காலப்படி. நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் வீசப்படும் கை, நொடிக்கு 60 முறை கணக்கிடும் எஞ்சினில் ஒரு படிக்கு 20 செ.மீ. நகர்கிறது. 2 செ.மீ. தடிமனுள்ள கயிறு அதன் பாதையில் இருந்தால், ஒரு படியில் கை அதற்கு இப்புறமும் அடுத்த படியில் அப்புறமும் இருக்கக்கூடும், அப்போது தொட்டதே பதிவாகாது. படிகளைக் கூட்டுவதே நேரான தீர்வு. புல்லட்டின் பைத்தான் வடிவம் இயல்பாகவே நொடிக்கு 240 படிகளில் ஓடுகிறது. எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். விழும் விதம் பெரிதாக மாறினால், முன்பு வைத்த எண் போதவில்லை.

கயிறும் கையும்

கரைவலைக் கயிறு நூற்றுக்கணக்கான மீட்டர் நீளும். அதை முழுவதும் கணக்கிட வேண்டியதில்லை. கைக்கு அருகில் உள்ள மூன்று நான்கு மீட்டரை மட்டும் 15 செ.மீ. கேப்சூல்களின் தொடராக அமைத்து, கயிற்றின் உண்மையான தடிமன் 2 செ.மீ. (ஆரம் 1 செ.மீ.) என்றாலும் மோதல் ஆரத்தை 2 செ.மீ. ஆகக் கூட்டிக் கொடுங்கள். கடல்பக்க முனையில் வலையின் எடையைக் கட்டித் தொங்கவிடாதீர்கள். மடியில் (வலையின் பைப்பகுதியில்) மீன் நிறைந்த வலையின் நிறையை ஒரு கயிற்றுத் துண்டோடு இணைத்தால், மேலே சொன்ன நிறை விகிதச் சிக்கல் மிகக் கடுமையாக எழும். அதற்குப் பதிலாக அந்த முனையில் கடலை நோக்கிய ஒரு விசையை மட்டும் செலுத்துங்கள். அலைக்கு ஏற்ப அதை 80 நியூட்டனுக்கும் 200 நியூட்டனுக்கும் இடையே ஏற்றி இறக்கலாம்.

விரல்கள் கயிற்றைச் சுற்றி இறுக்கும் உராய்வால் பிடிப்பு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பற்றும்போது உள்ளங்கைக் கோளத்துக்கும் அருகிலுள்ள கயிற்றுத் துண்டுக்கும் இடையே ஒரு மூட்டை உருவாக்குங்கள். கையை மாற்றும்போது அதை நீக்கிவிட்டு அடுத்த துண்டில் புதிதாக உருவாக்குங்கள். பற்றியிருக்கும் கைக்கும் கயிற்றுக்கும் இடையே மோதல் வேண்டாம். கயிற்றுக்கும் தொடைக்கும் இருக்கட்டும்.

உயிரூட்டுதல்

இதுவரை அமைத்தது துவளும் உடல். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு குறிக்கோள் கோணம் கொடுத்து, அதற்கும் இப்போதைய கோணத்துக்கும் உள்ள வேறுபாட்டை விறைப்பு எண்ணால் பெருக்கி, மூட்டு சுழலும் வேகத்தைத் தணிப்பு எண்ணால் பெருக்கி அதிலிருந்து கழித்தால், செலுத்த வேண்டிய திருப்புவிசை கிடைக்கும். குறிக்கோள் கோணத்தைப் படிக்குப் படி மாற்ற வேண்டியதில்லை. மனித அசைவுகளைப் பார்த்துக் கற்கும் உருவங்களைப் பற்றி 2018இல் வெளியான டீப்மிமிக் ஆய்வில் எஞ்சின் நொடிக்கு 1200 படிகளில் ஓட, குறிக்கோள் கோணங்கள் நொடிக்கு 30 முறை மட்டுமே மாற்றப்பட்டன. விறைப்பைச் சிறிதிலிருந்து கூட்டிக்கொண்டு போங்கள். நடுக்கம் தொடங்கும் இடத்தில் நிறுத்திச் சற்றுக் குறையுங்கள்.

சாய்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. 150 நியூட்டன் இழுவிசை 90 செ.மீ. உயரத்தில் முன்னால் கவிழ்க்கப் பார்க்கிறது. 588 நியூட்டன் எடை அதைப் பின்னால் தாங்க வேண்டும். 150ஐ 90ஆல் பெருக்கி 588ஆல் வகுத்தால் 23 செ.மீ. அதாவது, உடலின் நிறை மையம் பாதம் அழுந்தும் புள்ளிக்கு 23 செ.மீ. பின்னால் இருக்க வேண்டும். விசை 80க்கு இறங்கினால் அது 12 செ.மீ. ஆகச் சுருங்கும், அந்த வேறுபாட்டுக்கு ஈடாக உடல் நிமிராவிட்டால் பின்னால் விழும். அழுந்தும் புள்ளி விரலடியிலிருந்து குதிகால்வரை நகர இடமிருப்பதால்தான் சிறு மாற்றங்களை அடியெடுத்து வைக்காமலே தாங்க முடிகிறது. பாதக் கோளங்களை இடம் பார்த்து வைத்த உழைப்புக்குப் பயன் இங்கேதான் தெரியும். குறிக்கோள் சாய்வை இந்தக் கணக்கின்படி இழுவிசையோடு பிணைத்துவிட்டால், வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டின் அடிக்கு ஏற்ப விசையை ஏற்றி இறக்கும்போது உடலும் அந்தத் தாளத்தில் அசையும்.

மடித்துக் கட்டிய கைலிக்குத் துணிக் கணக்கு சேர்ப்பவர்கள், துணி மோத வேண்டிய தொடைக் கேப்சூலை மட்டும் ஒரு செ.மீ. பருமனான தனிப் பிரதியாக வைத்துக்கொள்ளலாம். மெஷ்ஷின் தோல் துணியைத் துளைத்துத் தெரிவது அதனால் குறையும்.

வள்ளத்தில் நிறுத்துவதானால்

இதே உருவத்தை வள்ளத்தில் ஏற்ற விரும்புபவர்களுக்கு இரண்டு குறிப்புகள். வள்ளத்துக்குக் குவிவு உறையை மோதல் வடிவமாகக் கொடுத்தால் அதன் உட்குழிவு முழுவதும் அடைபட்டு, மனிதர் விளிம்பு மட்டத்தில் அந்தரத்தில் நிற்பார். அடித்தளத்துக்கு ஒரு பெட்டி, பக்கங்களுக்கு இரண்டு, அணியத்தில் (முன்முனையில்) கூடும் சாய்வுக்கு இரண்டு எனத் தனித்தனிப் பெட்டிகளைச் சேர்த்து ஒரே பொருளாக்குங்கள். அடித்தளம் ஒரே பெட்டியாக இருப்பது முக்கியம்.

வள்ளத்தை அசைக்கும்போது அதன் இடத்தை நேரடியாக மாற்றி எழுதக் கூடாது. அப்படிச் செய்தால் எஞ்சினைப் பொறுத்தவரை அது வேகம் இல்லாமலே இடம் மாறிய பொருள். உராய்வு காலை உடன் எடுத்துச் செல்லாது. யூனிட்டியிலும் கோடோவிலும் இதற்கென்றே இருக்கும் இயங்கு பொருள் வகையைப் பயன்படுத்தினால் வேகமும் கணக்கில் சேரும். ஆட்டத்துக்கு வெவ்வேறு கால அளவுள்ள இரண்டு அலைகளைக் கூட்டுங்கள். தென்மேற்குக் காற்று வீசும் ஆடி மாதத்துத் தெற்குக் கடலும், வாடை வீசும் மார்கழி வடகடலும் ஒரே மாதிரி ஆட்டுவதில்லை. பாம்பனிலோ மண்டபத்திலோ இருப்பவர்கள் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா இரண்டையும் பார்க்க முடியும் என்பதால், கட்டிக்கிடக்கும் வள்ளம் ஒருமுறை எழுந்து தாழ எத்தனை நொடி ஆகிறது என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து எண்ணி, அந்த எண்ணையே இடலாம்.

பலர் சேர்ந்து இழுக்கும்போது

கரைவலையை ஒருவர் இழுப்பதில்லை. பத்துப் பேரை ஒரு கயிற்றில் நிறுத்தினால் 160 பகுதிகள். அடுத்தடுத்து நிற்பவர்களுக்கு இடையே மார்பு, இடுப்பு ஆகிய இரண்டு வடிவங்களை மட்டும் மோதவிட்டு, மற்றவற்றைத் தனி அடுக்கில் வைத்துவிடுங்கள். ஒருவருடைய கை அடுத்தவருடைய காலில் சிக்கி வரிசை முழுவதும் சரிவது இதனால் நிற்கும்.

கயிற்றில்தான் கவனம் அதிகம் வேண்டும். ஒவ்வொருவரும் 150 நியூட்டன் இழுத்தால், கடலுக்கு மிக அருகில் நிற்பவருக்கு முன்னால் உள்ள கயிற்றில் 1500 நியூட்டன் இழுவிசை இருக்கும். சில கிராம் எடையுள்ள கயிற்றுத் துண்டுகளின் தொடர் அதைத் தாங்காமல் அதிரும். ஆகவே ஒரே கயிறாகக் கணக்கிடாமல், ஒவ்வொருவருடைய கையிலும் தனியே ஒரு சிறு கயிற்றுத் தொடரும் அதன் முனையில் 150 நியூட்டன் விசையும் இருக்கும்படி அமைத்து, பத்துப் பேரின் கைகள் வழியாகவும் செல்லும் ஒற்றை வளைகோடாகக் கயிற்றைக் காட்சிக்கு மட்டும் வரையுங்கள். ஒவ்வொருவருக்கும் உள்ள விசை ஏற்ற இறக்கத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு முன்பின்னாகத் தள்ளி வைத்தால், எல்லாரும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் சாயாமல், கடல்பக்கத்திலிருந்து கரைப்பக்கம் நோக்கி இழுப்பு ஒருவர் பின் ஒருவராகப் பரவும்.